ஆட்டைச் சுடலாமா? சூழலியல் அறம்: கேள்வி பதில்

கேள்வி: சார், மரத்தை வெட்டக் கூடாது, ஆற்றைக் கெடுக்கக் கூடாது. இதில் எல்லாரும் ஒத்துப்போகிறோம். பிறகு எதற்கு இத்தனை கோட்பாடுகள்?

பதில்: கூடாது என்பதில் சண்டை இல்லை, ஏன் கூடாது என்பதில்தான். ரிச்சர்ட் ரௌட்லி என்ற மெய்யியலாளர் 1973-இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகில் ஒரே ஒரு மனிதன் மிஞ்சியிருக்கிறான். சாவதற்கு முன் தன்னால் முடிந்தவரை மரம், விலங்கு அத்தனையையும் அழிக்கிறான். இனி மனிதர் எவரும் வரப்போவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. அவன் செய்தது தப்பா? தப்பில்லை என்றால் நீங்கள் மனிதமையவாதி, அதாவது மனிதருக்கு நேரும் நன்மை தீமைதான் அளவுகோல் என்பவர். தப்புதான் என்றால், யாருக்கு இழைத்த தப்பு? துடித்த விலங்குக்கா, உயிருள்ள ஒவ்வொன்றுக்குமா, காடு என்ற முழுமைக்கா? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு பாதை.

கேள்வி: மனிதமையம் என்றால் சுயநலம்தானே?

பதில்: இல்லை. மணல் அள்ளினால் கிணறு வற்றும் என்று ஆற்றுக்காகப் போராடும் விவசாயி பேசுவதும் மனிதமைய அறம்தான். மேலை மரபில் ஏற்கெனவே இருக்கும் ஒழுக்கமே போதும், புது அறம் வேண்டியதில்லை என்று ஜான் பாஸ்மோர் 1974-இல் வாதிட்டார்.

கேள்வி: அண்ணா, நான் சைவம். தெருநாய்களுக்குச் சோறு வைப்பவள். என்னைச் சூழலியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: விலங்கு அறம் வேறு, சூழல் அறம் வேறு, தங்கச்சி. இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம் பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகள். அங்கே மனிதர்கள் கொண்டுவிட்ட ஆடுகள் பெருகி, ராட்சத ஆமைகள் தின்னும் செடிகொடிகளை மொட்டையடித்தன. பிண்டா தீவில் 1959-இல் மீனவர்கள் விட்டுப்போனது மூன்றே ஆடுகள். 1997-இல் தொடங்கி 2006 வரை, ஆடுகளை ஒழிக்க நடந்த இசபெலா திட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஆடுகளைக் கொன்றார்கள். ஹெலிகாப்டரில் பறந்தும் சுட்டார்கள். மிஞ்சியவை புதருக்குள் பதுங்கிக்கொண்டன. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஆட்டைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விடுவார்கள். ஆடு தனியே இருக்காது, மந்தையைத் தேடிப் போகும். பின்னாலேயே துப்பாக்கியும் போகும். மற்ற ஆடுகளைச் சுட்டுவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பார்கள், அடுத்த மந்தையைக் காட்டிக்கொடுக்கட்டும் என்று. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நினைவில் அதற்கு 'யூதாஸ் ஆடு' என்று பெயர்.

வலியை உணரும் எந்த உயிரின் வலியும் கணக்கில் வந்தாக வேண்டும் என்பது பீட்டர் சிங்கர் 1975-இல் சொன்னது. டாம் ரீகன் (1983) இன்னும் கறார்: விலங்குக்கு உரிமை உண்டு, கூட்டத்தின் நன்மைக்காக ஒன்றைப் பலியிடவே முடியாது. ஆல்டோ லியோபோல்டின் நில அறம் (1949) எதிர்த்திசை. மண், நீர், செடி, விலங்கு சேர்ந்த சமூகத்தின் முழுமையையும் நிலைப்பையும் அழகையும் காப்பது சரி, குலைப்பது தப்பு. அதன்படி ஆட்டைச் சுடலாம். இந்தப் போக்கைத்தான் ரீகன் 'சூழல் பாசிசம்' என்று சாடினார்.

நான் ஆமை பக்கம். ஆட்டினம் உலகமெங்கும் இருக்கிறது, ஒவ்வொரு தீவின் ஆமையும் அந்தத் தீவோடு சரி. ஆனாலும் யூதாஸ் ஆட்டை நினைத்தால் உறுத்தாத ஆளோடு எனக்குப் பேச்சில்லை. நீங்கள் சோறு வைக்கும் நாய் காட்டோரத்தில் புள்ளிமானைத் துரத்தினால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள், உங்கள் பக்கமும் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐயா, எங்கள் ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொல்கிறார்கள். அதுவும் ஓர் உயிர்தானே?

பதில்: பால் டெய்லர் (1986) உங்கள் கட்சி. ஒவ்வொரு உயிரும் தன் நலனை நோக்கியே இயங்குகிறது. மதிப்புக்கு அதுவே போதும், மூளையோ வலியோ வேண்டியதில்லை என்பார். இது உயிர்மையம். லியோபோல்ட் வழியில் வந்தவர்கள், மண்ணின் சமூகத்தைக் குலைக்கும் மரம், பிடுங்கு என்பார்கள். எனக்கென்னவோ, அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிறவரை இரண்டு தரப்புமே கேட்கவில்லை என்று படுகிறது. இயற்கையை அடக்க நினைக்கும் புத்தி, மனிதரை மனிதர் அடக்குவதிலிருந்து வந்தது என்ற மர்ரே புக்சினின் சமூகச் சூழலியல் இங்கே கைகொடுக்கும்.

கேள்வி: நாளைக்குப் பரீட்சை சார். ஆழ்சூழலியல் பற்றி நாலு வரி?

பதில்: நார்வேயின் ஆர்னே நேஸ், 1973. மாசு, வளத் தட்டுப்பாடு என்று மட்டும் கவலைப்படுவது மேலோட்டம். எல்லா உயிருக்கும் தன்னளவில் மதிப்புண்டு என ஏற்று வாழ்க்கையை மாற்றிக்கொள்வது ஆழம். 1984-இல் ஜார்ஜ் செஷன்ஸுடன் சேர்ந்து எட்டு அம்சங்களாக வகுத்தார். கூடவே வரலாற்றாளர் ராமச்சந்திர குஹா 1989-இல் வைத்த மறுப்பையும் எழுதுங்கள். ஆள் புழங்காத காடு என்ற அமெரிக்கக் கனவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் வெளியேற்றப்படுவது ஏழைகள், புலி பார்க்க வருவது வசதியானவர்கள்.

கேள்வி: இதெல்லாம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறதே?

பதில்: கோட்பாடாக இல்லை. பாரி முல்லைக்குத் தேர் தந்தது அவன் கொடையின் பெருமை. புறநானூறு 200 அப்படித்தான் பாடுகிறது. நற்றிணை 172 வேறு ரகம். விளையாட்டாக மணலில் அழுத்திய விதை புன்னையாக முளைக்க, மகள் நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறாள். உன்னைவிடச் சிறந்தவள், இவள் உன் தங்கை என்கிறாள் தாய். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு நாணம். உரிமை, மதிப்பு என்று கணக்குப் போடாமல் உறவிலிருந்து தொடங்கும் சூழலியல் பெண்ணியவாதிகளுக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்.

கேள்வி: நம் நீதிமன்றங்கள் எந்தக் கட்சி?

பதில்: வழக்குக்கு வழக்கு மாறும். 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விலங்கின் கண்ணியம் பேசியது. 2023-இல் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் செல்லும் என்றது. நடுவே 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையையே உரிமைகள் கொண்ட சட்டப்பூர்வ நபராக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அது அரசு வனநிலத்துக்குப் பட்டா கொடுத்துத் தண்டனை பெற்ற அதிகாரி ஒருவர் தொடுத்த பணி வழக்கு.