சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லைட் போடலாமா? மேலே வரும் மூன்று வயரில் எது எதற்கு?

கேள்வி கேட்டவர் கல்லடியில் பழைய வீடு ஒன்றில் இருக்கிறார். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் ஃபேனை எடுத்துவிட்டு லைட் மாட்ட வேண்டுமாம். ஃபேனின் மேல் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தால் ஒரு சிவப்பு வயரும் இரண்டு கருப்பு வயரும் இருக்கின்றன. சுவரில் சுவிட்சும் ரெகுலேட்டரும். "சிவப்பை லைட்டின் ஒரு காலிலும், கருப்பு இரண்டையும் சேர்த்து மற்றக் காலிலும் கொடுத்தால் சரிதானே?" என்கிறார்.

சரியாக இருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் பிரேக்கர் விழவும் செய்யலாம். இரண்டில் எது நடக்கும் என்று நிறத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கடையில் அன்றைக்கு எந்தச் சுருள் இருந்ததோ அதையே இழுத்திருப்பார்கள். சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பழைய முறை. பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு என்பது புதியது. ஒரே வீட்டில் முன்னறை பழைய நிறத்திலும் பிறகு கட்டிய அறை புதிய நிறத்திலும் இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே வயர் என்ன நிறம் என்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. படுக்கிற அறை ஃபேனாக இருந்தால் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். மார்கழி மழையில் ஃபேன் வேண்டாத சாமானாகத்தான் தெரியும். ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது அதே ஆட்கள் ஃபேனைத் திரும்ப மாட்டச் சொல்லி அழைப்பார்கள். சாப்பாட்டு மேசை, விறாந்தை என்றால் பரவாயில்லை.

சரி, வழிக்கு வருவோம். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச், பிறகு ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் எர்த் பக்கம் கசிந்தால் விழுவது), பிறகு பிரேக்கர்கள். லைட், ஃபேன்களுக்கான பிரேக்கரிலிருந்து கிளம்பும் லைவ் முதலில் சுவர் சுவிட்சுக்கு வரும். சுவிட்சைத் தாண்டி ரெகுலேட்டருக்குள் போய், அங்கிருந்து மேலே ஏறி ஃபேனின் ஒரு காலில், அதாவது வயர் பிடிக்கும் ஒரு முனையில், முடியும். மற்றக் காலிலிருந்து நியூட்ரல் திரும்பிப் போகும். ஃபேன் ஓட இந்த இரண்டே வயர் போதும். அப்படியானால் மூன்றாவது எதற்கு?

அது இரண்டில் ஒன்றாக இருக்கும். முதல் வகையில் சிவப்பு ரெகுலேட்டரிலிருந்து வரும் லைவ். ஒரு கருப்பு வந்து சேரும் நியூட்ரல், மற்றக் கருப்பு அதே நியூட்ரலை அடுத்த அறைக்குக் கொண்டு போவது. இங்கே இரண்டு கருப்பும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவற்றைப் பிரித்து ஒன்றை மட்டும் லைட்டில் மாட்டினால் அடுத்த அறை இருட்டாகிவிடும், அல்லது லைட்டே எரியாது.

இரண்டாம் வகையில் சிவப்பு எப்போதும் உயிரோடு இருக்கும் லைவ். அது சீலிங்கில் ஒரு கனெக்டரையோ ரோஸின் (சீலிங்கில் வயர்களைப் பிடிக்கும் வட்ட மூடி) ஒரு முனையையோ தொட்டுக்கொண்டு சுவிட்சுக்கு இறங்குகிறது. சுவிட்சிலிருந்து திரும்பி ஏறுவது ஒரு கருப்பு. அது நிறத்தில்தான் கருப்பு, வேலையில் லைவ். மற்றக் கருப்புத்தான் உண்மையான நியூட்ரல். இங்கே இரண்டு கருப்பையும் சேர்த்தால் சுவிட்சைப் போட்ட கணமே லைவும் நியூட்ரலும் நேராக மோதும். பிரேக்கர் ஒழுங்கானதென்றால் விழும். பழைய ஃபியூஸில் தடித்த செம்புக் கம்பி சுற்றி வைத்திருக்கும் வீடு என்றால் எரிவது சுவருக்குள் இருக்கும் வயர்தான். சிவப்பை லைட்டில் மாட்டினாலோ, சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் லைட் அணையாது.

எது உங்கள் வீட்டில் என்று கண்டுபிடிக்க ஃபேனே போதும். அது இத்தனை நாளும் ஓடியிருக்கிறது, சுவிட்சுக்கும் கட்டுப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் அதன் இரண்டு கால்களும் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கின்றன. ஒன்றையும் கழற்றாமல், கிண்ணத்தை மட்டும் இறக்கி, எந்த வயர் எந்தக் காலில் என்று ஃபோனில் படம் எடுங்கள். ஃபேனின் ஒரு காலில் எது இருந்ததோ அது லைட்டின் ஒரு காலுக்கு, மற்றதில் இருந்தது மற்றதற்கு. ஃபேனைத் தொடாமல் தனியாக ஒரு கனெக்டரில் இருந்தது அப்படியே தனியாக இருக்கட்டும். இரண்டு கருப்பும் ஒரே காலில் முறுக்கியிருந்தால் அது முதல் வகை. வேறு வேறு காலில் இருந்து, சிவப்பு ஃபேனுக்கே போகாமல் இருந்தால் இரண்டாம் வகை. பலர் படம் எடுக்காமல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்போது மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் கரண்டை நிறுத்துவது எப்படி என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். சுவர் சுவிட்சை அணைப்பது போதாது. இரண்டாம் வகை வீட்டில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேலே 230 வோல்ட் நிற்கும். சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்த வீடுகளும் உண்டு. அங்கே ஃபேன் நின்றிருக்கும், லைவ் அதற்குள் இருந்துகொண்டே இருக்கும். பிரேக்கரை மட்டும் இறக்குவதும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் வீட்டுப் பிரேக்கர் பெரும்பாலும் லைவை மட்டும்தான் வெட்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் இரண்டும் வெட்டப்படும். அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அந்தக் காலத்தில் நிறையப் பேர் பட்டரியோடு இன்வெர்ட்டர் பூட்டினார்கள். அநேகமாக லைட், ஃபேன் வயரிங்கைத்தான் அதில் கொடுத்திருப்பார்கள். மெயினை அணைத்ததும் 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்து இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும், நீங்கள் ஏணியில் நிற்கும்போது கையில் இருக்கும் வயருக்கு உயிர் வந்துவிடும். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் அணைத்து, அதிலிருந்து வீட்டு வயரிங்குக்குப் போகும் இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பிறகு டெஸ்டர். கரண்ட் இருக்கும் பிளக் ஒன்றில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு மெயினை இறக்குங்கள். மேலே ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள், கையால் அல்ல. வயரில் கை வைப்பதற்கு முன், இறங்கி மெயினைப் போட்டு, அதே பிளக்கில் டெஸ்டர் இன்னும் எரிகிறதா என்று மறுபடியும் பார்த்தால்தான் நடுவில் அது பழுதாகவில்லை என்று தெரியும்; பிறகு மெயினைத் திரும்ப இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: எங்கும் மாட்டாத வயர் லைவ் வயரோடு ஒரே குழாயில் ஓடினால் டிஜிட்டல் மீட்டர் நாற்பது, ஐம்பது வோல்ட் காட்டும். அது பொய். சாதாரண குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் பூட்டி அதன் இரண்டு வயரையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பொய் வோல்டேஜில் அது எரியாது.

ஃபேனைக் கழற்றுவது பற்றி அதிகம் இல்லை. முதலில் இதழ்களை எடுங்கள், பிறகு வயர்கள், கடைசியில் கொளுக்கியில் இருக்கும் போல்ட். கீழே ஒருவர் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கொளுக்கியை வெட்டாதீர்கள். காரணம் மேலே சொன்ன கச்சான் காற்றுத்தான். ஃபேனின் எடையையும் அதிர்வையும் தாங்கிய கொளுக்கி லைட்டை யோசனையில்லாமல் தாங்கும். இதையே திருப்பி, லைட் இருந்த இடத்தில் ஃபேன் மாட்டலாமா என்று கேட்டால் பதில் வேறு. கூரை அஸ்பெஸ்டாஸ் என்றால் தகட்டில் துளை போட வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வளையிலோ மரச் சட்டத்திலோ பிடியுங்கள்.

வயர் நுனியைப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடி போன்ற இடத்தில் உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, கனெக்டரில் இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவதோடு விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிடும்.

இனி ரெகுலேட்டர். எல்லோரும் மறப்பது இதைத்தான். மேலே எல்லாம் சரியாகக் கொடுத்திருப்பார்கள், லைட் மினுக்கு மினுக்கென்று வெட்டும், முனகும், கொஞ்ச நாளில் போய்விடும். குறை பல்பில் இல்லை. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல மின் அலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. எல்.ஈ.டி லைட்டுக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்ன மின்சுற்றுக்கு அந்த வெட்டுப்பட்ட அலை ஒத்துவராது. முழு வேகத்தில் வைத்துவிட்டால் போதும் என்பார்கள், நான் அப்படி விடுவதில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, அதில் இருந்த இரண்டு வயரையும் ஒரு கனெக்டரில் நேராக இணைத்து, சன்க் பொக்ஸை (சுவருக்குள் பதித்த பெட்டி) வெற்றுத் தகட்டால் மூடிவிடுங்கள். சுவிட்ச் அப்படியே இருக்கட்டும்.

அந்த வெற்றிடத்தில் ஃபோன் சார்ஜ் பண்ண ஒரு பிளக் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். ரெகுலேட்டரில் இருக்கும் இரண்டு வயரும் லைவ்தான், ஒன்று உள்ளே வருவது, ஒன்று வெளியே போவது. அந்தப் பொக்ஸுக்குள் நியூட்ரல் அநேகமாக இருக்காது. நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் வயரைக் கொடுத்து ஒப்பேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அந்தப் பிளக்கில் எதையாவது செருகியதும் அது விழக்கூடும். இல்லாத வீட்டில் அந்தக் கரண்ட் எர்த் வழியே போய், எர்த் கொடுத்த மற்றப் பொருட்களின் உலோக உடம்பைத் தொடுகிறவருக்கு அடிக்கக்கூடும். வேண்டாம்.

எர்த் என்றதும், நீங்கள் சொன்ன மூன்று வயரில் பச்சை இல்லை. உலோக உடம்புள்ள அலங்கார விளக்குக்கு எர்த் கட்டாயம் வேண்டும். மேலே எர்த் வரவில்லையென்றால் பிளாஸ்டிக் உடம்புள்ள, பெட்டியில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளமுள்ள லைட்டை வாங்குங்கள். அது எர்த் இல்லாமல் பாவிக்கவென்றே செய்தது. மூடிய வகை நல்லது. முதல் மழைக்கு ஈசல் வரும் ஊர், திறந்த லைட்டை மேசைக்கு மேலே தொங்கவிட்டால் சோற்றில்தான் விழும். வெளிச்சம் எவ்வளவு என்றால், பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 18 வாட் எல்.ஈ.டி போதும். ஃபேன் எடுத்த கரண்டில் கால்பங்குதான் அது எடுக்கும், ஆகவே பழைய வயர் தாங்குமா என்ற கவலை இல்லை. ஹோல்டர் ஸ்க்ரூ வகை என்றால் லைவ் நடுமுனைக்குப் போக வேண்டும், சுற்றியுள்ள மரைக்கு நியூட்ரல். ஃபேன் இதைப் பற்றிக் கவலைப்படாது, பல்பு மாற்றும் உங்கள் விரலுக்குத்தான் இது முக்கியம்.

நீங்களே செய்யலாமா? படத்தில் எல்லாம் தெளிவாக இருந்து, வயரின் பிளாஸ்டிக் இளக்கமாக இருந்து, ட்ரிப் சுவிட்ச் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் விழுகிறதென்றால், நிதானமான ஆள் செய்யலாம். வளைத்தால் பொடிந்து உதிரும் வயர், கருகிய நுனி, ட்ரிப் சுவிட்சே இல்லாத வீடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தெரிந்த எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

முடித்து மெயினைப் போட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதே எங்கே பிழை என்று சொல்லும். சுவிட்சைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தால் லைவும் நியூட்ரலும் எங்கோ சேர்ந்திருக்கின்றன, கருப்பு இரண்டையும் பாருங்கள். பிரேக்கர் நிற்க, ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கரண்ட் எர்த் பக்கம் கசிகிறது. நியூட்ரல் வயர் லைட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், சுவிட்ச் அணைந்திருக்கும்போதேகூட, அது விழலாம். லைட் எரிகிறது, ஆனால் அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக ஒளிர்கிறதென்றால், சுவிட்சில் சின்னச் சிவப்பு நியான் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாகக் கசியும் சிறு கரண்டே எல்.ஈ.டிக்குப் போதும், ஆபத்தில்லை, நியான் இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும். நியான் இல்லாமலே ஒளிர்ந்தால், சுவிட்ச் லைவில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறதா என்று டெஸ்டரால் பாருங்கள். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் முனைகளை டெஸ்டரால் தொடும்போது அது நன்றாக எரிந்தால் அதுதான் குறை. அதை மேலே திருத்த முடியாது, சுவிட்ச் பொக்ஸைத் திறந்துதான் மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.