நிறம் போனால் போதுமா?

கேள்வி: சாயப்பட்டறைக் கழிவுநீரில் நொதி (என்சைம்) பொடியைக் கலந்தால் நச்சு முழுவதும் நீங்கிவிடும் என்று ஒரு விற்பனையாளர் கூறுகிறார். நம்பலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: 'முழுவதும்' என்பதை நம்ப வேண்டாம், ஆனால் அடிப்படை அறிவியல் உண்மையானதுதான். நறுக்கிய வாழைக்காய் கறுத்துவிடாமலிருக்க அதை உடனே தண்ணீரில் போடுகிறோம். காயிலுள்ள பீனால் வகைப் பொருள்களைக் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரியவைத்துக் கரும்பழுப்பாக மாற்றுவது ஒரு நொதி. கழிவுநீரிலும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் வாங்குகிறார்கள். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சாண்டர் கிளிபானோவ் குழுவினர், குதிரை முள்ளங்கி வேரிலிருந்து எடுத்த பெராக்சிடேஸ் நொதியுடன் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, நிலக்கரி சார்ந்த ஆலைக் கழிவுநீரிலிருந்த பீனால்களை நீக்கிக் காட்டினார்கள். பீனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, நீரில் கரையாத பொருளாகி அடியில் படிந்துவிடுகின்றன. ஆகவே நச்சு மறைந்துபோவதில்லை. நீரிலிருந்து கசடுக்கு இடம் மாறுகிறது. அந்தக் கசடை எங்கே கொட்டுவது என்று அந்த விற்பனையாளரிடம் கேட்டீர்களா?

சாயத்தை நீக்கப் பெரும்பாலும் பேசப்படுவது லாக்கேஸ் என்ற நொதி. 1883இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் யோஷிடா கண்டறிந்த இந்த நொதியை, மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளும் சுரக்கின்றன. இதற்குப் பெராக்சைடு தேவையில்லை, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனே போதும். பல அசோ சாயங்களை (நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு கொண்ட சாயங்களை) இது வெளுக்கவும் செய்கிறது. ஆனால் பருத்தியில், இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயம் ஏற, லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பும், காரத்துக்குச் சோடா ஆஷும் போடுகிறீர்கள். லாக்கேஸ்களில் பல, சற்றே அமிலமான நீரில் நன்றாக வேலை செய்பவை. சாதாரண உப்பிலுள்ள குளோரைடு அவற்றில் பலவற்றை மந்தமாக்கிவிடும். ஆய்வகத்தில் தூய சாயக் கரைசலை அரை நாளில் வெளுத்த நொதி, உங்கள் பட்டறைத் தொட்டியில் திணறுவதற்கு இதுவே காரணம். நிறம் போனாலும் நிம்மதியடைய முடியாது. ஆக்சிஜனற்ற சூழலில் பாக்டீரியாக்களின் அசோரிடக்டேஸ் நொதி அசோ சாயத்தை உடைக்கும்போது, நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள் உண்டாகின்றன. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்குபவை. எனவே கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரைக் காட்டினால் ஏமாறாமல், உங்கள் தொட்டியின் நீரிலேயே சோதித்து, அமீன் அளவையும் நச்சுத்தன்மையையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை கட்டாயமாக்கப்பட்டதும், அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நீங்கள் அறிந்ததே. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருளுக்கான (உப்பு முதலியவை) வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். உப்பை எந்த நொதியும் தின்னாது. அதற்கு எதிர்ச் சவ்வூடுபரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கியும்தான் வழி.

கேள்வி: அப்படியானால் பட்டறைக்கு நொதியால் பயனே இல்லையா?
– அதே வாசகர்

பதில்: உண்டு, ஆனால் கழிவுத்தொட்டியில் அன்று, அதற்கு முன்னால். ஹைட்ரஜன் பெராக்சைடில் துணியை வெளுத்த பின், எஞ்சிய பெராக்சைடு போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அதற்காகப் பலமுறை நீர் மாற்றி அலசுவது பழைய வழக்கம்; கேட்டலேஸ் நொதி சிறிதளவு சேர்த்தால் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், பல அலசல்கள் மிச்சமாகும். சாயத்தொட்டி நீரில் பெராக்சைடு சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள்: நீலம் ஏறினால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் அதே நீரிலேயே சாயத்தைப் போடலாம்.