கணினி அறையில் விளையாட்டு: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: 40 பிள்ளைகள், 10 கணினிகள். எப்படிச் சமாளிப்பது?
ப: நால்வருக்கு ஒன்று. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ‘ஆரிகான் டிரெயில்’ என்ற கணினிப் பயண விளையாட்டு வகுப்பறைக்கு வந்தபோது திரையே கிடையாது. தாளில் அச்சடிக்கும் தொலைத்தட்டச்சு இயந்திரம்தான். பிள்ளைகள் தாங்களே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: ஒருவர் தட்டச்சு, ஒருவர் வரைபடம், ஒருவர் கையிருப்புக் கணக்கு. நீங்களும் பிரித்துக் கொடுங்கள். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மவுஸ் கிடைக்காதவர் கையில் பென்சில் இருக்கட்டும்.

கே: கஹூட் வினாடி வினா விளையாட்டில் கண்ட கண்ட பெயர்களில் நுழைகிறார்கள்.
ப: காத்திருப்புத் திரையில் அந்தப் பெயரைச் சொடுக்கினால் ஆள் வெளியே.

கே: ஆறாம் வகுப்புக்கு ஒரு நல்ல கேம் சொல்லுங்கள்.
ப: எந்தப் பாடம்? இணையம் உண்டா? மருந்துக் கடையில் ‘ஒரு நல்ல மாத்திரை’ என்றா கேட்பீர்கள்? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: பின்னக் கணக்கை முதலில் முடிப்பவர்களுக்கு மட்டும் பின்ன விளையாட்டை ஆட அனுமதி தருகிறேன். ஆனாலும் பின்தங்கியவர்கள் வேகம் பிடிக்கவில்லையே?
ப: எப்படிப் பிடிப்பார்கள்? மாதம் பத்துக் கடிதமாவது இதே கதையோடு வருகிறது. முதலில் முடிப்பது யார்? பின்னம் ஏற்கெனவே தெரிந்த பிள்ளை. அதற்கே மேலும் அரை மணி நேரப் பின்னப் பயிற்சி, அதுவும் குதூகலமாக. தெரியாத பிள்ளையோ நோட்டை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பசித்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, உண்டு எழுந்தவனுக்கு மறுபடி இலை போடுகிறீர்கள். விளையாட்டு பாடம் என்றால் எல்லோருக்கும் உண்டு. பாடம் இல்லையென்றால் பள்ளி நேரத்தில் எதற்கு? சேட்டைக்குத் தண்டனையாக விளையாட்டைப் பிடுங்குவதும் இதே தவறுதான். பாடப்புத்தகத்தைப் பிடுங்குவீர்களா? கஹூட்டிலும் இந்த வேகப் பைத்தியம் உண்டு. சரியான விடையைக் கடைசி நொடியில் சொன்னால் ஏறக்குறையப் பாதிப் புள்ளிதான் கிடைக்கும். யோசிக்க வேண்டிய கேள்விகளுக்குப் புள்ளியே இல்லாமல் செய்யும் வசதி இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

கே: கட்டிகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டான மைன்கிராப்டின் கல்விப் பதிப்பில் ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிக்கிறார். தினமும் அழுகை.
ப: தரைக்கு அடியில் ‘டினை பிளாக்’ என்ற தடைக் கட்டியைப் பதித்துவிட்டால் அதற்கு மேலே மாணவர்களால் கட்டவும் முடியாது, இடிக்கவும் முடியாது. வேலை முடிந்த குழுவின் இடத்தில் பதியுங்கள். நீங்கள் ஒருமுறை விளையாடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. வகுப்புக்கு முன் விளையாடிப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கே: சத்தம் தாங்க முடியவில்லை.
ப: எந்தச் சத்தம்? விடையைப் பற்றிய வாக்குவாதம் என்றால் விட்டுவிடுங்கள். மவுஸுக்கான சண்டை என்றால் முதல் பதிலைப் படியுங்கள். ஸ்பீக்கர்களை எப்படியும் அணைத்துவிடுங்கள்.

கே: மணி அடித்தும் எழ மறுக்கிறார்கள்.
ப: ஒரு கட்டத்தின் நடுவில் நிறுத்தினால் பெரியவர்களே எழமாட்டார்கள். ‘இந்தக் கட்டத்தோடு சரி’ என்று முன்பே சொல்லுங்கள். ஒரு கட்டம் எத்தனை நிமிடம் என்பது விளையாடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மறுபடியும் அதே பல்லவி, மன்னிக்கவும். கடைசிப் பத்து நிமிடம் திரை அணைந்திருக்க வேண்டும். எங்கே தோற்றோம், ஏன் தோற்றோம் என்று நோட்டில் இரண்டு வரி எழுதட்டும்.

கே: பாதியில் இணையம் போய்விட்டால்?
ப: போகும். ஜிகோம்ப்ரி (சிறுவர்களுக்கான கல்வி விளையாட்டுத் தொகுப்பு) போல இணையம் இல்லாமலே ஓடுவதை முன்கூட்டியே நிறுவி வையுங்கள். மின்சாரமும் போனால் கரும்பலகை இருக்கிறது.