காத்து மெத்தை வாங்கலாமா? மலைல இருந்து வந்த மூணு கேள்வி

கேள்வி: கோத்தகிரில இருக்கோம். கிறிஸ்துமஸ் லீவுக்கு கீழ இருந்து சொந்தக்காரங்க குடும்பத்தோட வர்றாங்க, வீட்ல கட்டில் ரெண்டுதான். ஆன்லைன்ல காத்து மெத்தை பாத்தேன், ஒண்ணு தாழ்வா இருக்கு, இன்னொண்ணு கட்டில் உயரத்துக்கு, உள்ளயே கரண்ட் பம்போட வருது. எது வாங்கட்டும்? குளிர் தாங்குமா?

பதில்: தாழ்வானதயே வாங்குங்க. உயரமானது போட்டோல நல்லாதான் இருக்கும், முட்டி வலி இருக்கற பெரியவங்களுக்கு எந்திரிக்க வசதி, அத நான் மறுக்கல. ஆனா டிசம்பர் ராத்திரில காவித் தரை மேல போடப் போறீங்க. நம்ம உடம்பு சூடு மெத்தைக்குள்ள இருக்கற காத்துக்கு எறங்கும், அந்தக் காத்து உள்ளயே சுத்திச் சுத்தி சூட்ட தரைக்கு கொண்டு போயிரும், உயரம் கூடக்கூட சுத்தறதுக்கு எடம் ஜாஸ்தி. அதான் மேல ரெண்டு ரஜாய் போத்தியும் முதுகு மட்டும் ஜில்லுன்னு இருக்குன்னு எல்லாரும் பொலம்பறது.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், இருக்கற கம்பளில ஒண்ண போத்தாம மெத்தை மேல விரிச்சு அதுக்கு மேல பெட்ஷீட் போடுங்க. ரெண்டு இருந்தா ரெண்டையும் விரிங்க. மெத்தைக்கு அடில ஒரு ஜமக்காளமோ பாயோ போட்டா தரைல இருக்கற சின்னக் கல்லு குத்தாது, கொஞ்சம் குளிரும் தடுக்கும். டென்ட்ல படுக்கறவங்க வாங்கற மேட்ல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது கூடக்கூட குளிர தடுக்கும், 4க்கு மேல இருந்தா நம்ம ஊர் பனிக்கு கவலப்பட வேண்டாம். வீட்டுக்குன்னு விக்கற காத்து மெத்தைல பெரும்பாலும் அந்த நம்பரே இருக்காது, அதனால கம்பளிதான் கதி.

உள்ளயே பம்ப் இருக்கறத பத்தி ஒண்ணு சொல்லணும். மழைக் காலத்துல ஒரு மரம் சாஞ்சா கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாத ஊர் நம்மளோடது. கைல அடிக்கறதுக்கும் தனி வால்வு இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லேன்னா கால்ல மிதிக்கற பம்ப் தனியா வர்ற மாடலே போதும், விலையும் கம்மி. அப்புறம் கைக்குழந்தைய மட்டும் இதுல படுக்க வைக்காதீங்க, பெரியவங்க பக்கத்துல படுத்தா மெத்தை அமுங்கி குழந்தை உருண்டு வந்து மூக்கு வாய் அடச்சுக்கும். இன்னொண்ணு, முதுகு குளுருதுன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டு கதவ சாத்திட்டு தூங்கற பழக்கம் இன்னும் சில வீட்ல இருக்கு. அந்தப் புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும். வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கொடைக்கானல்ல ஹோம்ஸ்டே வச்சிருக்கேன். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு புது காத்து மெத்தை வாங்கினேன். காலைல தொளதொளன்னு ஆயிடுச்சுன்னு கெஸ்ட் கம்ப்ளெயின்ட். பஞ்சரா?

பதில்: பஞ்சர்னு உடனே முடிவு பண்ணாதீங்க. சாயங்காலம் 20 டிகிரில அடிச்சது விடிகாலைல 6 டிகிரிக்கு எறங்குனா உள்ள இருக்கற காத்து கிட்டத்தட்ட 5 சதவீதம் சுருங்கிரும், அதுபோக மெத்தை செஞ்சிருக்கற புது பிவிசி பிளாஸ்டிக் மொதல் சில தடவ கொஞ்சம் நீண்டு கொடுக்கும். சாயங்காலமே அடிச்சு வச்சுட்டு, படுக்கறதுக்கு முன்னாடி ரூம் குளுந்ததும் இன்னொரு தடவ டாப்அப் பண்ணுங்க. கல்லு மாதிரி அடிக்காதீங்க, தையல் மாதிரி ஒட்டியிருக்கற எடம் விட்டுப் போயிரும்.

அப்பவும் எறங்குனா சோப்பு நுரை தடவிப் பாருங்க, மொதல்ல வால்வ சுத்தி, அப்புறம் ஓரம். பாதி கேஸ்ல வால்வு மூடி சரியா உக்காந்திருக்காது, அவ்வளவுதான். ஓட்டைன்னா சைக்கிள் கடைல ட்யூபுக்கு போடற சொல்யூஷன் பிவிசில சரியா புடிக்காது, பிவிசிக்குன்னு இருக்கற பசை வாங்கணும், மேல வெல்வெட் மாதிரி இருக்கற பக்கம்னா அந்த மயிர உப்புத்தாள்ல தேச்சு எடுத்துட்டு ஒட்டணும். மடிக்கறதுக்கு முன்னாடி நல்லா காய விடுங்க, மூடுபனி மாசத்துல ஈரத்தோட மடிச்சா பூஞ்சை புடிச்சு நாறும். வாயால ஊதறதும் இதே கதைதான், மூச்சுல இருக்கற ஈரம் உள்ளயே தங்கிரும். எலிக்கு எட்டாத எடத்துல, மூடி போட்ட டிரம்ல வச்சா உத்தமம்.

காசு வாங்கிட்டு கொடுக்கற எக்ஸ்ட்ரா பெட் காத்து மெத்தைன்னு புக்கிங் போதே சொல்லிடுங்க சார். அத சொல்லாம விட்டா கெஸ்ட் கோபப்படறதுல நியாயம் இருக்கு.

கேள்வி: குன்னூர்ல இருந்து எழுதறேன். ஆன்லைன்ல வாங்குன காத்து மெத்தை ரெண்டாவது வாரமே ஓரத்துல காத்து விடுது. நீங்கதான் கிழிச்சுட்டீங்கன்னு விக்கறவர் சொல்றார். கம்பெனி வேற மாநிலம். விட்டுத்தான் ஆகணுமா?

பதில்: விடாதீங்க. அளவா காத்தடிச்சும் ஓரம் விட்டுப் போறது பெரும்பாலும் தயாரிப்புக் குறை, ஆணி குத்துன ஓட்டை வேற. சோப்பு நுரை போட்டு ஓரத்துல குமிழ் வர்றத வீடியோ எடுங்க, பில்லும் வாரண்டி கார்டும் சேத்து அந்த ஆப்போட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க. 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துக்குள்ள தீக்கணும். நடக்கலேன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, இந்த மாதிரி சின்னத் தொகைக்கு அங்கயே முடியறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்கும் மசியலேன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் கோர்ட்லயே கேஸ் போடலாம், அவங்க ஊருக்கு அலைய வேண்டியதில்ல. 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல. அதுவரைக்கும் மெத்தைல நீங்களா எந்தப் பேட்ச்சும் ஒட்டிடாதீங்க, அதையே சாக்கா வச்சு வாரண்டி போச்சும்பாங்க.