‘சும்மா’ போட்டுவிடலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ என்ற கார்ட்டூன் படத்தைக் காட்ட நினைக்கிறோம். ஒரு சிறுவர் நாவலிலிருந்து எடுத்த படமாம். கதையை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, அல்லது படத்தைச் சும்மா போட்டுவிடலாமா?
– தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

பதில்: ‘சும்மா வந்தேன்’ என்று இஸ்தோப்பில் வந்து நிற்பவருக்குக் கட்டாயம் ஒரு காரியம் இருக்கும். ‘சும்மா சொன்னேன்’ என்பவர் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார். சும்மா இருப்பதுதான் ஆகக் கடினம் என்று ஞானிகள் பாடி வைத்தார்கள். லயத்திலோ ‘அவ இன்னைக்குச் சும்மாதான் இருக்கா’ என்று சொல்லப்படும் பெண், விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்திருப்பாள். அவள் சும்மா இருக்கிற மாதிரி நீங்களும் படத்தைச் சும்மா போடுங்கள், டீச்சர். நிறைய வேலை இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சிறியது: படம் முதலில், நாவல் பிறகு. பிரித்தானிய எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய நாவலையும் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004இல் எடுத்த படத்தையும் ஒரே கதை என்று சொல்ல முடியாது. நாவலில் கதாநாயகி சோஃபிக்கு இரண்டு தங்கைகள், படத்தில் ஒருத்திதான். மந்திரவாதி ஹவுலின் நகரும் கோட்டைக்கு ஒரு மந்திரக் கதவு; நிறத்தை மாற்றினால் வேறு இடத்துக்குத் திறக்கும். நாவலில் அதன் கறுப்புப் பக்கம் நம் காலத்து வேல்ஸ் நாட்டுக்குத் திறக்கும். படத்தில் அதே கறுப்பு, போர் நடக்கும் இருட்டுக்குத் திறக்கிறது. கதையை முன்கூட்டிச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு மணிநேரமும் ‘டீச்சர் சொன்னது எப்ப வரும்?’ என்றே காத்திருப்பார்கள்.

உங்களுக்கான உண்மையான கேள்வி வேறு. படம் எந்த மொழியில் பேசப்போகிறது? ஜப்பானியப் பேச்சும் ஆங்கில எழுத்தும் என்றால், மூன்றாம் ஆண்டுப் பிள்ளை முதல் வார்த்தையைக் கூட்டி வாசிக்குமுன் வரி மறைந்துவிடும். எழுத்தைத் துரத்துகிற கண்ணுக்கு அந்த மலையும் மேகமும் எப்படித் தெரியும்? ஆங்கிலப் பேச்சும் உதவாது.

இந்தப் பக்கத்தின் பழைய வருத்தத்தை இங்கே மறுபடியும் சொல்கிறேன். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பின், திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொடவத்த சிறுவர் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். ஹியூ லொஃப்டிங் எழுதிய டாக்டர் டூலிட்டில், ‘தொஸ்தர ஹொந்தஹித’ ஆனார். நல்ல மனசு டாக்டர். பெயரிலேயே ஆள் ஊர்க்காரராகிவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நம் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் தமிழ்க் குரல்கள் பெரும்பாலும் சென்னையில் பேசி அனுப்பியவை. நம் பேச்சில் ஒரு பூனைகூடப் பேசுவதில்லை.

ஆகவே நீங்களே பேசுங்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு மைக், மூன்று குரல்கள் போதும். படத்தின் ஒலியை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். ஜோ ஹிசாய்ஷியின் இசை தனியாக வரும் இடங்களில் முழுதாகக் கூட்டிவிட்டு நீங்கள் மௌனமாகுங்கள். எல்லா வசனத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம்; கதையைத் தள்ளுகிற வரிகள் போதும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிமிடமும் விநாடியும். பாத்திரம் வாய் மூடுமுன் வரி முடிய வேண்டும். தமிழில் தவறிப்போவது இங்கேதான். நமக்கு வினைச்சொல் கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் முக்கியமான சொல் வருவதற்குள் காட்சி மாறிவிடும். ‘சூனியக்காரி சாபம் போட்டதால் கிழவியாகிப்போன நான்’ என்று எழுதாதீர்கள். ‘சாபம் போட்டுட்டா. கிழவியாயிட்டேன்.’ இரண்டு வெட்டு, முடிந்தது.

சாபத்துக்கு முன் பதினெட்டு வயதுச் சோஃபிக்கும், பின் தொண்ணூறு வயதுச் சோஃபிக்கும் ஒரே ஆள் பேசட்டும். ஜப்பானியத்தில் சியெக்கோ பைஷோ இரண்டையும் பேசினார். ஆங்கிலத்தில் இரண்டு நடிகைகளைப் போட்டார்கள். சோஃபியின் முகம் படம் முழுக்க வயது மாறிக்கொண்டே இருக்கிறது. தூங்கும்போது இளமை, துணிந்து பேசும்போது இளமை, தன்னைத் தாழ்த்திக்கொண்டதும் சுருக்கம். குரல் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பெயர்களுக்கு அகராதி தேட வேண்டாம், தோட்டத்திலேயே இருக்கின்றன. டர்னிப் கிழங்கைத் தலையாக வைத்த வெருளி ஒன்று துள்ளித் துள்ளி வரும். டர்னிப்பை நம் பிள்ளைகள் அறியார்கள், நோக்கோலை அறிவார்கள். அவன் நோக்கோல் தலையன். அடுப்பில் குடியிருந்து கோட்டையை நடத்தும் நெருப்புப் பூதம் கல்சிஃபர், நம் அம்மாயிகள் சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கொள்ளிவாயன் என்றால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும். அவனுக்கும் ஹவுலுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைக் ‘கொந்தரப்பு’ என்று சொல்லுங்கள். வேலை முடியும்வரை விடுதலை இல்லை என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அரண்மனைப் படிக்கட்டில் இரண்டு கிழவிகள் மூச்சிரைக்க ஏறும் காட்சிக்கு வசனமே தேவையில்லை. அந்த முழங்கால் வலி ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது.

இனி மழை. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் டிசம்பர் பரவாயில்லை. உங்கள் ஊவாவில் அது வடகீழ்ப் பருவமழைக் காலம். தகரக் கூரையில் அடிமழை இறங்கினால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். ஓகஸ்டு விடுமுறைக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாதென்றால் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் பிள்ளைகளின் காது உயரத்தில் வையுங்கள். குளிரில் சுமந்து வந்த புரொஜெக்டரை, அறுபது பிள்ளைகள் மூச்சு விடும் மண்டபத்தில் உடனே திறந்தால் கண்ணாடியில் ஈரம் படரும். உறையோடு அரைமணி நேரம் மண்டபத்துக்குள்ளேயே வைத்துவிட்டுத் திறவுங்கள். படர்ந்துவிட்டால் துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். ஒற்றை வேட்டியைத் திரையாகக் கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். வெள்ளையடித்த சுவர் நல்லது. இல்லையேல் வேட்டியை இரட்டையாக மடித்து, கீழ் ஓரத்தில் ஒரு கம்பைக் கோத்துவிடுங்கள். படம் 119 நிமிடம். அரண்மனையிலிருந்து பறந்து தப்பியதும் நிறுத்தி, தேநீர் கொடுங்கள்.

தன் பாடசாலைக்கு வந்த ஜோன்ஸிடம் ஒரு பையன், ‘நகரும் கோட்டை என்று ஒரு புத்தகம் எழுதுங்கள்’ என்று கேட்டான். அந்த நாவல் பிறந்தது அப்படித்தான். அவன் பெயரைப் பத்திரமாக எழுதி வைத்ததாகவும், பிறகு அந்தத் தாளைக் கண்டெடுக்கவே முடியவில்லை என்றும் நாவலின் முன்பக்கத்தில் எழுதி, அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். படம் முடிந்ததும் உங்கள் பிள்ளைகளிடம் அடுத்து என்ன கதை வேண்டும் என்று கேளுங்கள். பதில்களைப் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி, இந்தப் பக்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.