மூங்கின் 'மடோன்னா' அச்சுப் படத்தில் இருப்பது சுகமா, துயரமா?

இரண்டும்தான். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1895-இல் வரைந்த இந்தக் கல்லச்சுப் படத்தில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுவது) முதலில் அந்தப் பெண்ணின் கண்களைப் பாருங்கள். மூடியிருக்கின்றன, கீழே குழி விழுந்த நிழல். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. ஒரு கை தலைக்குப் பின்னே, மற்றது முதுகுக்குப் பின்னே. காதலில் தன்னை மறந்தவளின் முகம் என்றும் சொல்லலாம், உயிர் பிரிந்தவளின் முகம் என்றும் சொல்லலாம். தலைப்பு கன்னி மரியாளை நினைவூட்டுகிறது. உடலோ ஆடையின்றி இருக்கிறது. பார்ப்பவரை உறுத்துவது இந்த முரண்தான்.

அப்புறம் படத்தைச் சுற்றி வரைந்திருக்கும் அந்த ஓரச் சட்டம். நெளிந்து ஓடுபவை விந்தணுக்கள். இடது கீழ் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது கரு. ஆனால் அதன் முகம் மண்டையோடு மாதிரி. கருத்தரிப்பையும் சாவையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்.

கூந்தலும் பின்னணிக் கோடுகளும் ஒன்றாகவே அலையடிக்கின்றன, அவள் எங்கே முடிகிறாள் என்றே தெரியாது. 1902-இல் வண்ணத்துக்கெனத் தனிக் கற்கள் சேர்த்தார். எனக்கு என்னவோ கறுப்பு வெள்ளைப் பிரதிதான் பிடிக்கும். ஓரச் சட்டத்தில் சிவப்பு வந்ததும் கண் அங்கேயே ஓடிவிடுகிறது.