பழைய பேப்பர் பதில்கள்

போன இதழ்ல "பழைய தலைப்புச் செய்தி ஏதாவது அனுப்புங்க, அது பலிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நாங்க சொல்றோம்"னு கேட்டிருந்தோம். பரண்ல கெடந்த தூசியோட சேத்து அனுப்பிட்டீங்க. தும்மித் தும்மி எழுதின பதில்கள் இதோ.

கே: 1996ல "மூலிகையில் பெட்ரோல்"னு எல்லா பேப்பரும் அலறுச்சே சார், அது மட்டும் நெசமாகியிருந்தா?
வாசகர், சிவகாசி

ப: உங்களுக்கு என்ன கவலை, பக்கத்துல இருக்குற ராஜபாளையம் இந்நேரம் துபாய் ஆகியிருக்கும். அங்க தான் ராமர் பிள்ளைங்கறவர் இலை தழையப் போட்டு தண்ணி ஊத்தி உப்பு கூட சேத்து ரசம் வைக்கிற மாதிரி காய்ச்சி இது தான் பெட்ரோல்னாரு, டெல்லி வரைக்கும் பேச்சாயிடுச்சு. பலிச்சிருந்தா மொதல்ல அடி வாங்குறது ஆடு தான். மேய்ச்சலுக்குப் போன ஆட்டைப் புடிச்சு "லிட்டர் கணக்குல தின்னுடுச்சு"ன்னு பஞ்சாயத்துல நிறுத்தியிருப்பாங்க. பங்க்ல யூனிஃபார்ம் போட்ட பையனுக்குப் பதிலா கீரைக்காரம்மா உக்காந்திருக்கும், ரெண்டு கட்டு போட்டா ஸ்கூட்டர் திருமங்கலம் வரைக்கும் போகும், கொசுறா ஒரு கொத்து கொடுத்தா மதுரையே தாண்டலாம். அரபு ஷேக்குங்க ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி "இங்க மூலிகை எங்க கிடைக்கும்"னு கேக்க, நம்மாளு ஒருத்தன் அவங்களை நேரா நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி கமிஷன் அடிச்சிருப்பான். என்ன பண்றது, விஞ்ஞானிங்க முன்னாடி செஞ்சு காட்டச் சொன்னப்ப தேறல, கேஸு கோர்ட்டுன்னு இழுத்து 2016ல தண்டனையில முடிஞ்சுது. ஆடுங்க மட்டும் தப்பிச்சுது.

கே: "அஷ்டகிரக சேர்க்கை, உலகம் அழியுமா?" 1962 பிப்ரவரி பேப்பர். அழிஞ்சிருந்தா?
வாசகி, கும்பகோணம்

ப: நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, நான் பதில் எழுதியிருக்க மாட்டேன், ரெண்டு பேருக்கும் நிம்மதி. அழியாததால தான் பிரச்சனையே. மகர ராசியில எட்டு கிரகம் கூடுதுன்னு நாடு பூரா யாகம், பஜனை நடந்துச்சு, அந்த ஜோர்ல "எப்படியும் 5ம் தேதிக்கு மேல யாரும் இருக்கப் போறதில்ல"ன்னு தாராளமா கடன் வாங்கினவன் 6ம் தேதி காலைல கதவைத் தட்டுற சத்தம் கேட்டு முழிச்சிருப்பான் பாருங்க, அவனுக்கு மட்டும் நெசமாவே உலகம் அழிஞ்சிருக்கும்.

கே: "இன்று முதல் நயா பைசா" 1957 ஏப்ரல் 1. எங்க தாத்தா இதை ஏப்ரல் ஃபூல்னு நெனச்சாராமே?
வாசகர், காரைக்குடி

ப: தாத்தா மேல தப்பே இல்ல, தேதி அப்படி. 16 அணா ஒரு ரூபாய்னு இருந்ததை 100 பைசா ஒரு ரூபாய்னு மாத்துனாங்க, அப்போ ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா வரணும், கால் பைசாவுக்கு காசு ஏது? அதனால ஒரு அணாவுக்கு 6 பைசா, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19னு அட்டவணை போட்டுட்டாங்க. இப்போ மூணு சினேகிதங்க ஓட்டலுக்குப் போயி ஆளுக்கு ஒரு அணா காபி குடிச்சு தனித்தனியா காசு கொடுத்தா 18 பைசா, "இன்னிக்கு என் கணக்கு"ன்னு ஒருத்தன் பெருந்தன்மை காட்டினா 19. அவனவன் பில்லை அவனவன் கட்டுற பழக்கம் நம்ம ஊர்ல அன்னிக்குத் தான் பொறந்திருக்கணும்ங்கறது என் ஆராய்ச்சி. ஆதாரம் கேக்காதீங்க.

கே: அமெரிக்காவோட விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழப்போகுதுன்னு 1979ல பயந்தோமே, நம்ம தலையில விழுந்திருந்தா?
வாசகர், வேலூர்

ப: தலை போயிருக்கும். 77 டன் சார் அது. ஆனா ஊருக்கு ஓரமா, ஆள் இல்லாத பொட்டல்ல விழுந்திருந்தா கதையே வேற. ஜூலை 11ம் தேதி அது ஆஸ்திரேலியாவுல எஸ்பரன்ஸ்ங்கற ஊர்ப் பக்கம் செதறுச்சு, அந்த ஊர் நிர்வாகம் "எங்க ஊர்ல குப்பை போட்டுட்டீங்க"ன்னு நாசாவுக்கே 400 டாலர் அபராதம் தீட்டுச்சு. இங்க விழுந்திருந்தா பேரிச்சம்பழக்காரர் தள்ளுவண்டியோட மொத ஆளா வந்து நின்னு, நாசா ஆளுங்க வர்றதுக்குள்ள வீட்டு வீட்டுக்கு பேரிச்சம்பழம் மணந்திருக்கும். மிச்சம் கெடக்குற பெரிய உருளையை அப்படியே நிமித்தி வச்சு மஞ்சள் துணி சுத்தி "ஸ்கைலாப் முனீஸ்வரர்" ஆக்கியிருப்போம், ஆடி மாசம் கூழு, ரெண்டு வருஷத்துல உண்டியல், மூணாவது வருஷம் அறங்காவலர் குழு சண்டை. எஸ்பரன்ஸ் பையன் ஒருத்தன் கூரை மேல விழுந்த துண்டைப் பொறுக்கிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பறந்து ஒரு பத்திரிகை அறிவிச்ச 10,000 டாலர் பரிசை வாங்கிட்டான், வயசு 17. நம்ம பையனா இருந்தா பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் முடியறதுக்குள்ள அடுத்த ராக்கெட்டே விழுந்திருக்கும்.

கே: "வீராணம் தண்ணீர் சென்னைக்கு விரைவில்". எந்த வருஷ பேப்பர்னு கண்டுபுடிங்க பாப்போம்!
வாசகி, கடலூர்

ப: 60கள் கடைசில இருந்து எந்த வருஷத்தைச் சொன்னாலும் எனக்கு மார்க் விழும்மா. தண்ணி நெசமா வந்தது 2004ல. நடுவுல ரோட்டோரம் கெடந்த ராட்சசக் குழாய்க்குள்ள ஜனங்க குடித்தனமே பண்ணாங்க. முன்வாசல் பின்வாசல் ரெண்டும் உண்டு, காத்தோட்டம் பிரமாதம், ஒரே குறை தண்ணி வசதி இல்ல.

கே: வெளிநாட்டுப் பேப்பர்ல இந்த மாதிரி கூத்து உண்டா?
வாசகர், ஈரோடு

ப: ஏன் இல்ல? 1948 அமெரிக்க எலெக்ஷன்ல சிகாகோ ட்ரிப்யூன் "ட்ரூமனை டூயி தோற்கடித்தார்"னு கொட்டை எழுத்துல போட்டுச்சு. அச்சுக் கோக்குறவங்க ஸ்ட்ரைக், அதனால ரிசல்ட் முழுசா வர்றதுக்கு முன்னாடியே பக்கத்தை முடிச்சாக வேண்டிய நெலமை. ஜெயிச்சது ட்ரூமன், அந்தப் பேப்பரையே தூக்கிப் புடிச்சு சிரிச்சபடி போட்டோவுக்கு நின்னாரு. பேப்பரை நம்பி டூயி பொட்டி படுக்கையோட வெள்ளை மாளிகை வாசல்ல எறங்கியிருந்தா, வாட்ச்மேன் "யார் வேணும்?"னு கேக்க, இவரு பேப்பரை நீட்ட, "நாங்க அந்தப் பேப்பர் வாங்குறதில்லைங்க"ன்னு அனுப்பியிருப்பாரு. நம்ம பத்திரிகையில ரிசல்ட் பக்கமே போகாம ராசிபலனோட நிறுத்திக்கிறது ஏன்னு இப்பப் புரியுதா?